உப்புத் தூவிய சாலைகளில் ஓடும் பழைய எஸ்யூவியைப் பராமரிப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பனி பொழியும் பகுதியில் ஓடிய பழைய எஸ்யூவி ஒன்றை வாங்குகிறவர், வண்டியோடு சேர்த்து அதன் முந்தைய உரிமையாளர் கழித்த குளிர்காலங்களையும் வாங்கிக்கொள்கிறார். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட அந்தக் குளிர்காலங்களின் எண்ணிக்கைதான் இத்தகைய வண்டியின் உண்மையான வயது. எஞ்சின் நன்றாக ஓடும், கியர் சீராக விழும், இருக்கைகள் புதிதுபோல இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகூட பிரேக் குழாய் பொத்துப்போயோ, பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) உளுத்துப்போயோ ஒருநாள் ஓரங்கட்டப்படும். ஆகவே இந்த வழிகாட்டி எஞ்சினில் தொடங்காமல் வண்டியின் அடித்தட்டில் தொடங்குகிறது.

எதிரி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சாலையில் தூவப்படுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது பாறை உப்பு. ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதனால் பனிக்கட்டியை விரைவாக உருக்க முடியாது என்பதால், கடுங்குளிர்ப் பகுதிகளில் கால்சியம் குளோரைடோ மக்னீசியம் குளோரைடோ சேர்க்கப்படுகிறது. பின்னிரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை; சாலை காய்ந்த பிறகும் வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் படலம் பிசுபிசுப்பாகவே இருந்து அரிப்பைத் தொடரும். துரு என்பது வேதிவினையாதலால், வெப்பம் ஏற ஏற அதன் வேகமும் ஏறும். கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் உப்புச் சேறு அதிகம் கெடுப்பதில்லை. அதே சேறு வெதுவெதுப்பான கராஜில் உருகிச் சொட்டும்போதும், குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் வாரங்களிலும்தான் உலோகம் வேகமாகக் கரைகிறது. கராஜில் நிறுத்தினால் வண்டி பாதுகாப்பாக இருக்கும் என்று நம்புகிறவர்கள், கழுவாமல் சூடான கராஜில் நிறுத்துவதைவிட வெளியே உறையவிடுவதே துருவின் கணக்கில் மேல் என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

முதல் படி: அடித்தட்டை ஆராய்தல்

இலையுதிர் காலத்தில், வண்டி கழுவிக் காய்ந்திருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். நல்ல டார்ச், முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூடிரைவர், சிறிய சுத்தியல், ஒரு காந்தம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கக் கூடாது. சமதளத்தில், சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஸ்டாண்டின் மேல் வண்டியை அமர்த்திய பிறகே உள்ளே போக வேண்டும். ஜாக் வைக்க வேண்டிய இடம் கதவுகளுக்குக் கீழே ஓடும் மடிப்பு விளிம்பு என்பதும், துரு முதலில் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதும் இந்த வேலையில் உள்ள சங்கடம். வண்டியைத் தூக்கும்போது அந்த விளிம்பு நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, ஜாக் உள்ளே அமுங்கினாலோ, உடனே இறக்கிவிடுங்கள். உங்கள் ஆராய்ச்சியின் முதல் முடிவு கிடைத்துவிட்டது.

பார்க்க வேண்டிய இடங்களை முன்னிருந்து பின்னாக வரிசைப்படுத்திக்கொண்டால் எதுவும் விடுபடாது. முன்பக்க சப்ஃபிரேமும், அதைச் சக்கரங்களோடு இணைக்கும் கீழ்க்கைகளும் எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயால் ஓரளவு தப்பித்திருக்கும். கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டி வடிவப் பகுதி வெளியே பெயின்ட் மின்ன, உள்ளேயிருந்து உளுத்து வரும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு ‘டங்’ என்று பதில் சொல்லும், கெட்ட தகடு ‘பொத்’ என்று அமுங்கிய குரலில் சொல்லும். அந்த வேறுபாட்டைக் காது ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும். பின்சக்கரங்களின் மேல்வளைவில் பிளாஸ்டிக் ஓரப்பட்டை உள்ள எஸ்யூவிகளில், அந்தப் பட்டைக்குப் பின்னால் மண்ணும் உப்பும் ஆண்டுக்கணக்கில் பொதிந்திருக்கும். வளைவின் மேல் காந்தம் ஒட்டாமல் வழுக்கினால், தகடு இருந்த இடத்தில் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

அங்கிருந்து பின்பக்க சப்ஃபிரேமும் அது உடலோடு இணையும் போல்ட்டுகளும், சுருள்வில்லின் அடிச்சுற்று அமர்ந்திருக்கும் கிண்ணமும், எரிபொருள் நிரப்பும் கழுத்துக் குழாயும் வரிசையாக வரும். சுருள்வில்லின் அடிச்சுற்றில் பூச்சு உரிந்து உப்பு தங்குவதால், அது ஒருநாள் குளிர்ந்த காலையில் பட்டென்று முறியும். பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால் முதலில் அங்கே பாருங்கள். எரிபொருள் கழுத்துக் குழாய் அரித்தால் பெட்ரோல் வாடையும், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் சேர்ந்து வரும்.

இவை அனைத்திலும் உயிரோடு விளையாடுவது பிரேக் குழாய்தான். எஃகுக் குழாய்கள் வண்டியின் நீளத்துக்கும் ஓடுகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்விகளுக்கு அடியில்தான் உப்புச் சேறு தங்கி அரிப்பு ஆழமாகிறது. மேலோட்டமான பழுப்புப் படலம் வேறு, செதில் செதிலாக எழும்பிய துரு வேறு. இரண்டாவது தெரிந்தால் குழாயைச் சுரண்டிச் சோதிக்காமல் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவைக் குழாயைக் கேளுங்கள்: எளிதில் வளையும், துருப்பிடிக்காது. ஒரு குழாய் போய்விட்டது என்றால் அதன் பக்கத்துக் குழாயும் அதே வயதுடையது என்பதை நினைவில் வைத்து, இரண்டையும் ஒரே வேலையில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்க்க வேண்டும். விற்பனைக்கு வரும் பழைய வண்டியின் அடித்தட்டு முழுவதும் ஒரே கறுப்பாக, புத்தம் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். அப்படி ஒரு வண்டியின் அடியில் நான் நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பியபோது, உள்ளங்கை அளவுக்குக் கறுப்புத் தோல் உரிந்து வந்தது; அதன் பின்புறத்தில் செதில்துருவும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டு வந்தது. துருவின் மேல் பூசிய கெட்டியான ரப்பர் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து, அரிப்பைப் பார்வைக்கு மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஆராய்ச்சி முடிந்ததும் ஒவ்வோர் இடத்தையும் கைபேசியில் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடையாள எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் இட்டு, நிலுவையிலுள்ள திரும்ப அழைப்பு (குறையைச் சரிசெய்ய உற்பத்தியாளர் வண்டியை அழைப்பது) ஏதேனும் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். அரிப்பு தொடர்பாகவும் அத்தகைய அழைப்புகள் வருவதுண்டு, பழைய உரிமையாளர் அவற்றைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

இரண்டாம் படி: வடிகால்களைத் திறந்து, பூச்சுப் பூசுதல்

பூச்சு பற்றிப் பேசுகிறவர்கள் வடிகால் துளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. கதவுகளின் அடிவிளிம்பிலும், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியிலும், பின்கதவின் கீழோரத்திலும் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். மேற்கூரைக் கண்ணாடி உள்ள வண்டிகளில் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் குழாய்கள் இறங்கும். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தொட்டியில் இலைச்சருகு அடைத்துக்கொள்ளும். கெட்டியான பிளாஸ்டிக் நாடாவைத் துளைக்குள் விட்டுச் சுழற்றி, பிறகு மெல்லத் தண்ணீர் விட்டு அது கீழே வடிகிறதா என்று பாருங்கள். அடைபட்ட துளையோடு விட்ட வண்டி உள்ளுக்குள் உப்பு நீரைச் சுமந்துகொண்டே திரியும். வெளியே எத்தனை பூச்சுப் பூசினாலும் அது நிற்காது.

துளைகள் திறந்து, அடித்தட்டு கழுவி, இரண்டு நாளாவது நன்கு காய்ந்த பிறகு, தளர்ந்த செதில்களை வயர் பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள். மேலோட்டமான துரு உள்ள தட்டையான இடங்களில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கொண்ட துருமாற்றியைப் பூசலாம். அதன் பிறகு பூச வேண்டியது, பழைய வண்டியைப் பொறுத்தவரை, காய்ந்து கெட்டியாகாத பூச்சே: ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லானோலின், அல்லது ஊர்ந்து பரவும் எண்ணெய்ப் பூச்சு. இவை மடிப்புகளுக்குள்ளும் பற்றவைத்த இணைப்புகளுக்குள்ளும் தானாக ஊர்ந்து போகும். கீறல் விழுந்தாலும் மீண்டும் மூடிக்கொள்ளும். பெட்டிப் பகுதிகளுக்குள் நீண்ட குழாய் முனையால் தெளிப்பது வெளியே தெளிப்பதைவிட முக்கியம். குறை என்னவென்றால், ஆண்டுதோறும் மறுபடியும் பூச வேண்டும். சில நாள்கள் சொட்டும். கெட்டியான ரப்பர் பூச்சையோ துருவே இல்லாத புதிய வண்டிக்கு விட்டுவிடுங்கள்.

பிரேக் டிஸ்க்குகள், பேடுகள், சைலன்சர் குழாய், பெல்ட்டுகள் ஆகியவற்றின் மேல் பூச்சு படவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் சார்ந்த பூச்சுகள் சில ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும் என்பதால், வாங்கும் முன் குறிப்பைப் படித்துப் பாருங்கள். கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடங்களை அதே நாளில் டச்-அப் பெயின்ட் வைத்து மூடிவிடலாம்; அது பத்து நிமிட வேலை.

மூன்றாம் படி: பிரேக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்தல்

உப்பில்லாத பகுதிகளில் பேட் தேய்ந்தால்தான் பிரேக்கைப் பிரிப்பார்கள். உப்புள்ள பகுதியில் பேட் தேய்வதற்கு முன்பே அது இறுகி நின்றுவிடும். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில், பேடின் இரு காதுகளும் மெல்லிய எவர்சில்வர் கவ்விகளுக்குள் வழுக்கி நகர வேண்டும். அந்தக் கவ்விக்கு அடியிலுள்ள இரும்பு துருப்பிடித்து உப்பும்போது, அது கவ்வியை உள்நோக்கித் தள்ளி, பேடின் காதைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் விலகாது. டிஸ்க் சூடாகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தகடுவரை தேய்ந்திருக்கும். சற்று ஓட்டி நிறுத்திய பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனலடிப்பதை உணரலாம், தொட்டுவிட வேண்டாம்.

பிரிக்கும்போது செய்ய வேண்டியவை இவை. காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது. கவ்விகளைப் பிடுங்கி, அடியிலுள்ள இரும்பை அரத்தாலோ வயர் பிரஷ்ஷாலோ வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, புதிய கவ்விகளைப் பொருத்துங்கள். கையால் தள்ளினாலே பேட் நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. வழுக்கும் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைப் பூசி, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள வண்டிகளில், பின் காலிப்பரின் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும். முதலில் வண்டியைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆகையால், எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மெதுவாக நிறுத்தும் கடைசி நொடியில், காய்ந்த சாலையிலும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அதிர்ந்தால், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். சென்சார் அமரும் இடத்தில் துரு உப்பி, சக்கரத்தோடு சுழலும் வளையத்திலிருந்து அதை விலக்கியிருக்கலாம், அல்லது வளையமே அரித்திருக்கலாம். சுத்தம் செய்து பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அலுமினிய ரிம்மும் அது பொருந்தும் இரும்பு ஹப்பும் உப்பு நீரில் ஒன்றோடொன்று பிணைந்து, நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராமல் அடம்பிடிக்கும். அந்த அனுபவம் பனி பொழியும் இரவில் சாலையோரத்தில் நேராமல் இருக்க, ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்து, உலோகங்கள் பிணையாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் கலவையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நட்டு ஏறும் மறைகளில் அதைத் தடவக் கூடாது. வழுவழுப்பால் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கி, 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபாருங்கள்.

நான்காம் படி: குளிரில் கிளம்ப வேண்டியவை

பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் திறனில் ஏறத்தாழப் பாதியைத்தான் தரும். அதே நேரத்தில் குளிர்ந்த எஞ்சினோ சுழல்வதற்குக் கூடுதல் சக்தி கேட்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி எளிதில் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கலாம். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவோ சார்ஜ் ஏற்றவோ முயலக் கூடாது, அது வெடிக்கும். வோல்ட் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் முனகினால், பேட்டரியிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த அந்த இணைப்புகளைச் சுத்தம் செய்வதால் காப்பாற்றப்படும் பேட்டரிகள் பல.

கூலன்ட் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததாக இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துத் தண்ணீரே கலக்காமல் ஊற்றுகிறவர்கள் உண்டு. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும் என்பதால் அது தலைகீழான வேலை. எஞ்சின் ஆயிலில் கையேடு அனுமதிக்கும் தரங்களுள் 0W என்று தொடங்குவதை (குளிரிலும் எளிதில் ஓடும் ஆயிலை)த் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி நிறுத்துகிறவர்களின் எஞ்சின் முழுச்சூடு அடைவதே இல்லை. ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்துகொண்டே போகும். டர்போ உள்ள, எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இது அதிகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: டயரும் நான்கு சக்கர இயக்கமும்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி பனியில் நன்றாகக் கிளம்பும். நிற்பதிலும் திரும்புவதிலும் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை, அந்த வேலை டயருடையது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில், மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் பொறித்த முத்திரையுள்ள டயர்களை நான்கு சக்கரங்களுக்கும் போடுங்கள். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் பனிக்கு அது டயர் அல்ல. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பழைய வண்டியோடு இலவசமாக வரும் டயர்களில் இதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி வீழ்ச்சிக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும்.

நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு புதிய டயரும் மூன்று தேய்ந்த டயர்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பகிரும் கிளச்சு ஓய்வின்றி வழுக்கிச் சூடேறும். பின் டிஃபரன்ஷியலின் எண்ணெயும், முன்பக்கத்திலிருந்து சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டியின் எண்ணெயும் முந்தைய உரிமையாளரால் தொடப்பட்டிருக்காது என்று எடுத்துக்கொண்டு, வாங்கிய ஆண்டிலேயே மாற்றிவிடுங்கள். ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் என் கருத்து இதுவே. முதலில் நிரப்பும் மூடியைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்த பின் வடிக்கும் மூடியைக் கழற்றுங்கள். துருவால் நிரப்பும் மூடி திறக்காமல் போனால், எண்ணெய் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: குளிர்காலத்தில் கழுவுதல்

உப்புத் தூவிய ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பின்னும், அல்லது 10 நாளுக்கு ஒருமுறை, வெப்பம் உறைநிலைக்கு மேலே ஏறும் நாளாகப் பார்த்து அடித்தட்டைக் கழுவ வேண்டும். மேலே மின்னவைக்கும் கழுவலுக்கு இதில் இடமில்லை. சக்கர வளைவுகளின் உட்புறம், பெட்டிப் பகுதியின் அடி, பின் சப்ஃபிரேம் ஆகியவற்றில் நிறையத் தண்ணீர் மெதுவாகப் பாய்வதே தேவை. தானியங்கிக் கழுவுமிடத்தில் மறுசுழற்சித் தண்ணீரால் அடித்தட்டைக் கழுவினால், முன்னால் போன வண்டிகளின் உப்பையும் சேர்த்து வாங்குகிறீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழுத்தக் குழாயை மின் இணைப்புகளுக்கும் பேரிங் சீல்களுக்கும் அருகில் பிடிக்கக் கூடாது. கழுவிய பின் கதவு ரப்பர்களைத் துடைத்து சிலிகான் தடவினால் மறுநாள் காலையில் கதவு ஒட்டிக்கொள்ளாது. பிரேக்கைச் சிலமுறை மிதித்துக் காயவைத்து நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

கேபினுக்குள் காலணியோடு வரும் பனி, உப்பு நீராகக் கம்பளத்தில் இறங்குகிறது. கண்ணாடிகள் ஓயாமல் புகைபடிவதற்கு ஏசியைக் குறை சொல்கிறவர்கள் கம்பளத்துக்கு அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பார்க்க வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் மின் இணைப்புகள் ஓடுவதால் அந்த ஈரம் ஆபத்தானதும்கூட. ஓரம் உயர்ந்த ரப்பர் தட்டு விரிப்புகளைப் போட்டு, நிரம்பியதும் வெளியே கொட்டுங்கள். பனிப்பொழிவுக்குப் பின் எஞ்சினை இயக்கும் முன் சைலன்சர் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும், அதற்கு வாடையும் இல்லை.

ஏழாம் படி: வெயில் வந்ததும்

சாலையிலுள்ள கடைசி உப்பும் மழையில் கரைந்துபோன பிறகு செய்யும் கழுவலே ஆண்டின் மிக முக்கியமான கழுவல். சக்கர வளைவுகளின் பிளாஸ்டிக் உட்கவசத்தையும் ஓரப்பட்டையையும் கழற்றி, உள்ளே பொதிந்த மண்ணைக் கையால் அள்ளி எடுங்கள். முதல்முறை செய்கிறவருக்கு ஒரு வாளி நிறையக் கிடைத்தால் வியப்பில்லை. கழற்றும்போது கவ்விகள் சில உடையும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, அறுமுனை சாக்கெட்டைக் கொண்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்ற வேண்டும். பன்னிருமுனை சாக்கெட் தலையை உருட்டிவிடும்.

பின்னர் இலையுதிர் காலத்தில் எடுத்த படங்களை எடுத்து, ஒவ்வோர் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சைலன்சரும் பிரேக் குழாயும் சுருள்வில்லும் மாற்றக்கூடியவை. அவற்றுக்குச் செய்யும் செலவு வீணாகாது. சப்ஃபிரேம்கூடச் சில வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் சஸ்பென்ஷன் உடலோடு இணையும் இடத்திலோ, சீட் பெல்ட் பிணைக்கப்பட்டிருக்கும் தகட்டிலோ, ஜாக் விளிம்புக்கு உட்புறத்திலுள்ள பெட்டியிலோ ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால், அதன்மேல் தகடு வைத்து ஒட்டச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். உளுத்த பகுதியை முழுதும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல உலோகத்தோடு புதுத் தகட்டைப் பற்றவைக்கும் வேலைக்கு ஆகும் தொகையைக் கேளுங்கள். அது வண்டியின் விலையைத் தாண்டினால், டயர்களையும் பேட்டரியையும் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியை உடைப்புக்கு அனுப்பிவிடலாம்.